படத்தில் இல்லாதவர்களுக்கு

இத்தாலியின் சார்டினியா தீவிலுள்ள போர்ட்டோ செர்வோவில், பெரிய பாய்மரப் படகுகளுக்கான மாக்சி யாட் ரோலெக்ஸ் கோப்பைப் போட்டி முடிந்த நாள் முதல் எங்கள் குழுவுக்கு வாழ்த்துகள் வந்தபடி இருக்கின்றன. கோப்பை வேறு படகுக்குப் போன பிறகும் வருகின்றன. படங்கள் அவ்வளவு அழகு. அந்த வாரத்தைக் கரையிலிருந்து தாங்கியவர்கள் படத்தில் இல்லை. இந்த மடல் அவர்களுக்கு.

முதலில், பாய்ப் பட்டறையின் இரவுப் பணியாளர்களே! மத்தலேனா தீவுகளைச் சுற்றிவரும் கடலோரப் பந்தயத்தில், ‘பாம் ஆலி’ என்று படகோட்டிகள் சொல்லும் குறுகிய கடல்வழியில், இறக்கும்போது கம்பியில் மாட்டி எங்கள் ஸ்பின்னக்கர், அதாவது பின்காற்றில் படகின் முன்னே பலூன்போல் விரியும் பாய், கிழிந்தது. ஏறத்தாழ 400 சதுர மீட்டர் நைலான். இருட்டும் நேரத்தில் ஈரம் சொட்டச் சொட்ட உங்கள் வாசலில் கொண்டுவந்து போட்டோம். துணியில் உப்பு இருந்தால் ஒட்டு பிடிக்காது என்று நன்னீரில் அலசி, மின்விசிறி வைத்து உலர்த்தினீர்கள். தையல் இயந்திரம் தரைக்குக் கீழே குழியில்; தைப்பவர் அதில் இடுப்பளவு இறங்கி உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் முழங்காலிட்டுத் துணியை அங்குலம் அங்குலமாக நகர்த்திக் கொடுத்தீர்கள். துறைமுகத்தில் விருந்துப் பாட்டு ஓயவே இல்லை. விடிந்தபோது பாய் பையில் மடித்துக் கிடந்தது. கூலிக்குச் செய்த வேலைதானே என்பவர்கள் அந்த முழங்கால்களைப் பார்த்திருக்க வேண்டும்.

பந்தய அதிகாரிக்கும், பந்தய வழியைக் காட்டும் மிதவைகளை இடும் படகுக்காரர்களுக்கும் தனி நன்றி. கோர்சிகாவுக்கும் சார்டினியாவுக்கும் இடையிலான போனிஃபாச்சியோ நீரிணையில் நெருக்குண்டு வரும் மிஸ்ட்ரல் என்ற வடமேற்குக் காற்று இன்னும் வேகம் பிடிக்கும். அது உரத்து வீசிய காலையில் முதலில் ஒத்திவைப்புக் கொடி ஏறியது. பிறகு அதன்கீழ் ‘ஏ’ கொடியும் ஏறியது. அப்படியென்றால் அன்றைக்குப் பந்தயம் இல்லை. கோடிகளைக் கொட்டிப் படகு வாங்கியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். 60 அடிக்குக் குறையாத படகு, அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நிற்கும் என்னைப் போன்றவர்கள், நீருக்கடியில் கருங்கல் பாறைகள்: நீங்கள் செய்ததே சரி.

அந்தப் பாறைகள் எங்கெங்கே என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டிய லா மத்தலேனா மீனவப் பெரியவரே, மொனாச்சி தீவுகளைத் தாண்டும்போதெல்லாம் உங்களைத்தான் நினைத்துக்கொண்டோம்.

1980இல் இந்தப் போட்டியைத் தொடங்கிய, இஸ்மாயிலி முஸ்லிம்களின் சமயத் தலைவராக இருந்த ஆகா கான் 1967இல் நிறுவிய கோஸ்டா ஸ்மெரால்டா படகுச் சங்கத்துக்கும் எங்கள் வணக்கம். ஆனால் போர்ட்டோ செர்வோவில் அறை எடுக்க எங்களில் பாதிப்பேருக்குக் கட்டுப்படியாகாது. பக்கத்து ஊரான அர்சக்கேனாவில் எங்களுக்கு வீட்டைத் திறந்துவிட்ட அம்மா, அப்பளம்போல் நொறுங்கும் பானே கரசாவு ரொட்டியையும் ஆட்டுப்பால் கட்டியையும் தினமும் மடித்துக் கொடுத்து அனுப்பினீர்கள். கடலில் நமுத்துப்போகாத ஒரே உணவு அதுதான்!

கடைசியாக, எதிர்க்குழு நண்பர்களுக்கு. புறப்பட அரை மணி இருக்கையில் எங்கள் கப்பி உடைந்ததைப் பார்த்து, கேட்காமலே உங்களுடையதை எங்களிடம் தூக்கிப் போட்டீர்கள். அன்று உங்களை முந்தினோம், மன்னிக்கவும். கப்பியைக் கழுவி, எண்ணெயிட்டு, துறை அலுவலகத்தில் ஒப்படைத்திருக்கிறோம். மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
குழுவினர் அனைவர் சார்பிலும்,
அணியத்தில் நிற்பவன்