லேசான தலைவலி

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ "லேசான தலைவலிதான் அம்மா" என்று சொன்னபோது, உன்னைச் சுற்றி ஒரு சத்தமும் இல்லாததைக் கவனித்தேன். தொலைக்காட்சி ஓடவில்லை, மாப்பிள்ளையின் குரல்கூட அடுத்த அறையிலிருந்து தணிந்துதான் கேட்டது. நீ இருட்டில் படுத்துக்கொண்டு பேசினாய் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. "லேசான" என்னும் அந்தச் சொல் என்னுடையது. 28 ஆண்டுகள் அதைச் சொல்லியே பள்ளிக்கூடத்தையும் வீட்டையும் சமாளித்தேன்.

உனக்கு எட்டு வயதிருக்கும். நான் சன்னல்களை அடைத்துப் படுத்திருந்த ஒரு கோடை விடுமுறைப் பிற்பகலில், நீயும் தம்பியும் கூடத்தில் தாயம் ஆடினீர்கள். பித்தளைத் தாயக்கட்டை தரையில் விழுந்தால் எனக்கு வலிக்குமென்று, போர்வையை நான்காக மடித்து விரித்து அதன்மேல் உருட்டினாய். வாந்தி எடுக்க எழுந்து வந்தபோது அதைப் பார்த்தேன். என் மகளுக்கு எவ்வளவு பொறுப்பு என்று பல வருடங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போது பெருமையாக இல்லை. சத்தமில்லாமல் வலியைத் தாங்குவது எப்படியென்று உனக்கு அன்றே பாடம் நடத்திவிட்டேன்.

எனக்கு வந்தது ஒற்றைத் தலைவலி என்று தெரியவே பல ஆண்டுகள் ஆயின. கண்ணாடியை மூன்று முறை மாற்றினேன். சைனஸ் என்று ஆவி பிடித்தேன். உன் ஆச்சி சுக்கை உரைத்துப் பற்றுப் போட்டதோடு திருஷ்டியும் கழித்தார்கள் (பற்று கொஞ்சம் இதமாக இருந்தது, அதை மறுக்கமாட்டேன்). இதற்கிடையில் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைத்த வலி மாத்திரையை முதலில் வாரத்துக்கு ஒன்று, பிறகு நாளுக்கு ஒன்று, கடைசியில் காலையில் ஒன்றும் பள்ளி விட்டதும் ஒன்றும் என்று விழுங்கினேன். திருநெல்வேலியில் நரம்பியல் மருத்துவர் ஒருவர், "வலிக்காக மாத்திரை போடுகிறீர்களா, மாத்திரையால் வலி வருகிறதா?" என்று கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, பல மருந்துகள் கலந்த மாத்திரையையோ ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகையையோ 10 நாட்களோ அதற்கு மேலோ தொடர்ந்து எடுத்துவந்தால், அந்த மருந்தே தலைவலியை நிலைக்கச் செய்துவிடும். அதை நிறுத்திய முதல் இரண்டு வாரங்களை நான் மறக்கமாட்டேன். அதன்பின், வலி வராமல் தடுக்க இரவில் எடுக்கச் சொன்ன அமிட்ரிப்டிலின் மாத்திரை வாயை உலர்த்தியது, காலையில் எழவிடாமல் அழுத்தியது. என்றாலும் மூன்றாவது மாதத்தில்தான் வலியில்லாத ஒரு முழு வாரத்தைப் பார்த்தேன்.

உன் மருத்துவர் இதை நாட்பட்ட ஒற்றைத் தலைவலி என்று சொன்னதாகச் சொன்னாய். மூன்று மாதங்களுக்கு மேலாக, மாதத்தில் 15 நாட்களோ கூடுதலாகவோ தலைவலி இருந்து, அவற்றில் எட்டு நாட்களாவது ஒற்றைத் தலைவலியின் குணங்களோடு இருந்தால்தான் அந்தப் பெயரை வைப்பார்கள். ஆகவே பாதி மாதத்தை வலியில் கழித்துவிட்டுத்தான் நீ என்னிடம் "லேசான" என்றிருக்கிறாய். அந்தச் சொல்லால் வரும் கேடு இதுதான்: வலி தொடங்கும்போதே எடுத்தால் நன்றாகக் கேட்கும் சுமாட்ரிப்டானை (அதுவும் டிரிப்டான் வகைதான்), "பொறுத்துப் பார்ப்போம்" என்று தள்ளிப்போட்டு, வலி உச்சத்துக்குப் போனபின் எடுப்போம், அப்போது வாந்தியில் பாதி போய்விடும். எழுதிக் கொடுத்த அளவுக்குள், ஆனால் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்.

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். வலி வராமல் தடுக்கக் கொடுத்த டோபிராமேட் மாத்திரையைத் தொடங்கியபின் விரல் நுனிகள் மரமரக்கின்றன, சோடா குடித்தால் ருசியே இல்லை என்றாய். அவை அந்த மருந்து செய்பவைதான். ஆனால் அது கருவிலிருக்கும் குழந்தைக்கு ஊறு செய்யக்கூடியது. குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், அதை எங்களிடம் சொல்லாவிட்டாலும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. நீயாக நிறுத்தவும் வேண்டாம்.

பொங்கலுக்கு வரும்போது உனக்காக வீட்டு வழக்கம் எதையும் மாற்றுகிறோமே என்று கூச்சப்படாதே. தலைக்குக் குளித்து ஈரத்தோடு நின்றால் எனக்கு வலி வந்ததுபோல் உனக்கும் வருகிறதா என்று பார்ப்போம். பூசை முடியும்வரை பட்டினி கிடக்கக் கூடாது; உனக்கு மட்டும் ஏழு மணிக்கே இட்லி வைத்துவிடுகிறேன். வெயிலில் நின்று பானை வைப்பதை அப்பா பார்த்துக்கொள்வார், கேட்டும் விட்டேன்.

மாதக் காலண்டர் ஒன்றைச் சமையலறையில் மாட்டி, வலி வந்த நாளில் பத்துக்கு எத்தனை என்றும் என்ன மாத்திரை என்றும் எழுதி வை. ஞாயிறுதோறும் அதை எனக்குப் படித்துச் சொல். நானும் என்னுடையதைச் சொல்கிறேன். மாதவிடாய் நின்றபின் எனக்கு வெகுவாகக் குறைந்துவிட்டது, ஆனாலும் முற்றாகப் போகவில்லை என்பதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. இந்த மாதம் மூன்று கட்டங்களில் எழுதியிருக்கிறேன். மூன்றாவது நேற்று, பத்துக்கு ஏழு. அதனால்தான் நேற்று எழுத வேண்டிய கடிதத்தை இன்று எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா