இரவில் டீசல் மின்பிறப்பாக்கிக்குப் பதில் பற்றரி: கட்டட அனுமதியில் நிபந்தனை சேர்க்கக் கோரும் மனு

ஆணையாளர்,
மாநகர சபை,
யாழ்ப்பாணம்.

மதிப்புக்குரிய ஆணையாளர் அவர்களுக்கு,

நல்லூர்ப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் குடியிருக்கும் குடும்பங்களின் சார்பில் இதை எழுதுகிறேன். எங்கள் ஒழுங்கை முகப்பில் மாடிக் கட்டடம் ஒன்று எழும்புகிறது. அதில் எங்களுக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. மேசன்மார் வேலை முடித்துப் போன பிறகும் விடிய விடிய ஓடும் மின்பிறப்பாக்கிதான் தொல்லை. நான் வயரிங் வேலை செய்பவன். இப்படியான வேலைத்தளங்களில்தான் என் பிழைப்பும். ஆகையால் சத்தம், புகை என்று மட்டும் சொல்லாமல் கணக்கோடு சொல்கிறேன்.

அந்த இயந்திரம் 60 கேவிஏ. பகலில் மிக்சர், கொங்கிறீற்றை அதிர்த்து இறுக்கும் போக்கர், வெல்டிங், தண்ணீர் மோட்டார் எல்லாம் சேர்ந்து ஓடும்போது அதற்கு வேலை இருக்கிறது. மோட்டார் கிளம்பும் கணத்தில் வழமையைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும் என்பதால், ஒப்பந்தகாரர்கள் பெரிய இயந்திரமாகப் பார்த்தே வாடகைக்கு எடுக்கிறார்கள். சரி, இரவில் அது சுமப்பது என்ன? காவலாளியின் நாலு எல்ஈடி விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு போன் சார்ஜர். எல்லாம் கூட்டினாலும் 500 வாற்றைத் தாண்டாது. பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு 6 யூனிற். இந்த அளவு இயந்திரம் சும்மா சுற்றினாலே மணிக்கு ஓரிரு லீற்றர் குடிக்கும். ஒழுங்கான சுமையில் ஒரு லீற்றர் டீசலில் ஏறத்தாழ 3 யூனிற் எடுக்கலாம். இங்கே ஒரு யூனிற்றுக்கே குறைந்தது இரண்டு லீற்றர் போகிறது.

இயந்திரத்துக்கும் அது கூடாது. குறைந்த சுமையில் சிலிண்டர் போதிய அளவு சூடேறாது, எரியாத டீசலும் கரியும் புகைக்குழாயில் படியும். மிச்சம் எங்கள் யன்னல்களுக்கு வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் 2012இலேயே சேர்த்துவிட்டது.

இந்த 6 யூனிற்றுக்கு, 10 யூனிற் கொள்ளும் லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரியும் ஒரு இன்வேட்டரும் தாராளம். பாரம் 100 கிலோ அளவில் வரும், நாலு பேர் தூக்கி வைக்கலாம். மின்சார சபையின் தற்காலிக இணைப்பு இருந்தால் பகலில் அதில் சார்ஜ் ஏற்றலாம். இணைப்பு கிடைக்காத இடத்தில், மிக்சருக்காக ஓடும் அதே மின்பிறப்பாக்கியில் ஏற்றலாம். அப்போது அதன் சுமையும் ஒழுங்காகும்.

எல்லா வேலைக்கும் பற்றரி என்று நான் கேட்க வரவில்லை. சிலாப் போடும் நாளில் இடையில் மின்சாரம் நின்றால், முதலில் போட்ட கொங்கிறீற் இறுகிப் புதியதோடு ஒட்டாமல் போகும். அன்றைக்கு டீசல் இயந்திரம் பக்கத்தில் நிற்கத்தான் வேண்டும். பற்றரி விலையும் சின்ன ஒப்பந்தகாரருக்குக் கையைக் கடிக்கும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் வைத்தால் பற்றரியின் ஆயுள் குறையும், மார்கழி வெள்ளத்துக்கு மேடை கட்டி வைக்க வேண்டும். இவையெல்லாம் சமாளிக்கக்கூடிய காரியங்கள்.

மின்சார சபையின் மின்சாரமும் நுரைச்சோலை நிலக்கரியில் வருவதுதானே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். பாதி நியாயம்: அங்கே 900 மெகாவாற் நிலையம் இருக்கிறது. ஆனால் 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், தேவை குறைந்து மின்சாரம் மிஞ்சும் என்பதால், கூரைகளில் உள்ள சூரிய மின் தொகுதிகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. பகலில் மிஞ்சுவதை இரவுக்கு எடுத்து வைக்கத்தானே பற்றரி. எங்கள் மாவட்டத்து எழுவைதீவில் சூரிய ஒளி, காற்று, பற்றரி, டீசல் நாலையும் சேர்த்து மின்சாரம் கொடுக்கிறார்கள். ஒரு தீவுக்கு முடிந்தது ஒரு காவலாளிக் கொட்டிலுக்கு முடியாதா? 2022 யூனில் டீசல் லீற்றர் 460 ரூபாவாகி, அதற்கும் வரிசையில் நின்றதை ஒப்பந்தகாரர்களும் மறந்திருக்க மாட்டார்கள்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது, சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்கும் தண்ணீரைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். சுன்னாகத்தில் டீசல் மின்நிலையத்து எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு விதித்தது. எங்கள் ஒழுங்கையில் கலனிலிருந்து டீசல் ஊற்றுவது வெறும் மண்ணில் நின்றுதான், பக்கத்து வளவுக் கிணறு கூப்பிடு தூரத்தில். அளவில் சுன்னாகத்தோடு ஒப்பிட முடியாதுதான், ஆனால் நிலம் ஒன்றுதான்.

சட்டம் புதிதாக வேண்டியதில்லை. 1996ஆம் ஆண்டின் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள், கட்டட வேலைக்கு வளவு எல்லையில் பகலில் 75 டெசிபலும் மாலை 6 மணியிலிருந்து காலை 6 மணி வரை 50 டெசிபலும் என்று வரையறுத்திருக்கின்றன. திறந்தபடி ஓடும் டீசல் இயந்திரம் எங்கள் சின்ன வளவுகளில் இரவு அளவுக்குள் நிற்காது.

எனவே, சபை வழங்கும் கட்டட அனுமதியில், மாடிக் கட்டடங்களுக்கு இரவு 6 முதல் காலை 6 வரை விளக்கு, காவல் தேவைகளை மின் இணைப்பிலோ பற்றரியிலோ மட்டுமே நடத்த வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டுகிறோம். தவிர்க்க முடியாத இரவுக் கொங்கிறீற் வேலைக்கு முன்கூட்டியே சபையிடம் அனுமதி பெறட்டும், அயலவருக்கும் அறிவிக்கட்டும். மின்பிறப்பாக்கி நிற்கும் இடத்தில் எண்ணெய் ஏந்தும் தட்டு கட்டாயமாக்கப்பட வேண்டும். சின்ன வீடு கட்டுபவர்களை இதற்குள் இழுக்க வேண்டாம், அவர்கள் பெரும்பாலும் பக்கத்து வீட்டு வயரில்தான் வேலை முடிக்கிறார்கள். சபை தானே கட்டும் கட்டடங்களின் கேள்விப்பத்திரங்களில் இதை முதலில் சேர்த்தால், வாடகைக்கு மின்பிறப்பாக்கி கொடுப்பவர்களும் பற்றரி வாங்கி வைப்பார்கள்.

நிபந்தனை வர நாளாகலாம். அதற்கு முன், தங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரை ஓர் இரவு பத்து மணிக்குப் பிறகு சத்தமானியோடு எங்கள் ஒழுங்கைக்கு அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். இடத்தின் விபரமும் குடியிருப்பாளர்களின் கையொப்பங்களும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
ஒழுங்கைக் குடியிருப்பாளர்கள் சார்பில்

பிரதி: மத்திய சுற்றாடல் அதிகாரசபை, யாழ்ப்பாணம்.