மலை ரோட்டுல கார் ட்யூன் பண்ற தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

தம்பிகளா வணக்கம்.

நீங்க யாருன்னு உங்களுக்கே தெரியும். போன வாரம் ராத்திரி மூணு மணிக்கு, குன்னூர்-மேட்டுப்பாளையம் ரோட்டுல பர்லியாருக்கு மேல ஒரு கொண்டை ஊசி வளைவுல பானெட்ட தொறந்துபோட்டு ரோட்டை அடைச்சு நின்னீங்களே, அன்னிக்கு மேல நின்ன கேரட் வண்டி என்னோடது.

கேத்தியில கழுவி ஏத்துன ஈர மூட்டை, விடியறதுக்குள்ள மேட்டுப்பாளையம் மண்டியில இறங்கணும். நீங்க "அண்ணா ரெண்டு நிமிஷம், லாக் ஓடிட்டு இருக்கு"ன்னு கைய காட்டுனீங்க, லாக்னா எஞ்சின் ஓடுற கணக்க லேப்டாப்புல பதியறது. அந்த ரெண்டு நிமிஷம் முடிய இருவத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. இறக்கத்துல முழு லோடு, ஹேண்ட்பிரேக்க மட்டும் நம்பி நிக்க முடியுமா, கூட வந்த பையன் இறங்கி இருட்டுல தடவி கல்லெடுத்து முன் சக்கரத்துக்கு அண்டை குடுத்தான். இது பலாப்பழ சீசன், அந்தப் பக்கம் யானை எப்ப ரோட்டுக்கு வரும்னு தெரியாது, ஹாரன் அடிக்கவும் பயம் லைட்ட அணைக்கவும் பயம். ஏறி உக்காருடான்னா கேக்கல, கல்லு நகந்துருமோன்னு அதை காலால முட்டுக்குடுத்துட்டு கீழயே குத்தவச்சிருந்தான். அவனுக்கும் உங்க வயசுதான். மண்டிக்கு போனா நல்ல வெலையெல்லாம் முடிஞ்சிருச்சு, கேட்ட வெலைக்கு தள்ளிட்டு வந்தோம்.

நானும் வொர்க்‌ஷாப்ல ஆறு வருஷம் ஸ்பேனர் புடிச்சவன்தான், எஞ்சினுக்கு போற காத்தை அளக்குற ஏர் ஃப்ளோ சென்சார்னா என்னன்னு தெரியாம திட்டல. உள்ள சூடான கம்பி, போற காத்து அதை ஆத்துது, அதை சூடாவே வச்சுக்க எவ்வளவு கரண்ட் ஆகுதுன்னு பாத்து காத்தோட எடைய கணக்கு போடுது. நீங்க காத்து போற கம்பெனி பைப்ப கழட்டி பெருசா மாட்டுனா கணக்கு தப்பும், அதை சரிக்கட்ட கம்ப்யூட்டர் பெட்ரோல கூட்டிக் குறைக்கிற ஃபியூவல் ட்ரிம் ஏறும், அதை திருத்தத்தான் லேப்டாப்பு. சரி. ஆனா ட்ரிம் பாக்கணும்னா ஒரே சீரா கொஞ்ச நேரம் ஓடணுமே, 14 கொண்டை ஊசி இருக்குற ரோட்டுல எங்க ஓடும்? ஆக்சிலேட்டர முழுசா மிதிக்கிற ஃபுல் த்ராட்டில்னா அதைவிட மோசம். குன்னூர் 1,850 மீட்டர் ஒசரம், மேட்டுப்பாளையத்தைவிட காத்து அழுத்தம் ஆறுல ஒரு பங்கு கம்மி, எவ்வளவு காத்துக்கு எவ்வளவு பெட்ரோல்னு நீங்க லேப்டாப்புல திருத்துற டேபிள்ல மேல்கோடி கட்டத்தை எஞ்சின் தொடவே தொடாது. அந்த ட்யூனோட கீழ கோயமுத்தூர் போய் மிதிச்சா அந்த தொடாத கட்டத்துலதான் ஓடும், அங்க லீனா, அதாவது காத்துக்கு பெட்ரோல் பத்தாம இருந்தா பிஸ்டன் கைக்கு வந்துரும். யானைக்கு பயந்து நான் உக்காந்திருந்தது இதுக்குத்தானா?

ஃபில்டர்ல எண்ணெய கொழகொழன்னு தடவி அது கம்பியில படிஞ்சிருந்தாலும் இதே கோளாறுதான் காட்டும். மொதல்ல சென்சார கழட்டி அதுக்குன்னு விக்கிற ஸ்ப்ரே அடிச்சு காயவச்சு பாருங்க. துணி போட்டு தொடைக்காதீங்க.

இதுல வேடிக்கை என்னன்னா, மலைக்கு ஒரு பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் கொண்டு வந்தா கீழயே புடுங்கிடுறாங்க, மேல வர்ற வெளியூர் வண்டிக்கு 2024-ல இருந்து இ-பாஸ் வேற, எத்தனை பேரு என்ன வண்டின்னு எல்லாம் கேக்குறாங்க, மடியில லேப்டாப்ப விரிச்சுட்டு ரோட்டை பாக்காம ஓட்டுறவன மட்டும் யாருக்கும் தெரியல. மோட்டார் வாகன சட்டத்துல 189-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, ரேஸுக்கும் வேகம் பாக்குறதுக்கும் சேத்துத்தான், அது சமவெளிக்கு மட்டும் போல. எங்க வண்டியில டெயில் லேம்ப் எரியலன்னா மட்டும் நல்லா தெரியும். சரி விடுங்க, அது உங்ககிட்ட சொல்ற விஷயம் இல்ல.

உங்கள கேக்குறது ஒண்ணுதான், ட்யூன் பண்ணுங்க, ரோட்டுல வேண்டாம். வண்டிய நிக்கவச்சே உருளை மேல ஓட்டி பவர் அளக்குற டைனோ வச்சிருக்கிற எடத்துக்கு போங்க, இல்ல கோயமுத்தூர் செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வேன்னு ரேஸ் ட்ராக் இருக்கு, காசு கட்டி எறங்குங்க. பைப்புக்கு செலவு பண்ணவங்களுக்கு இது பெருசா? தயவுசெஞ்சு ரோட்டுல வேண்டாம் தம்பி.

அப்புறம், ஆரம்பிக்கிற எடத்துக்கு அடையாளமா வளைவுல ரெண்டு கல்லுக்கு சுண்ணாம்பு அடிச்சு வச்சுட்டு போனீங்க, அது இன்னும் ரோட்டு மேலதான் கெடக்கு, பைக்குக்காரன் எவனாவது ஏத்தி விழறதுக்குள்ள வந்து எடுத்துப் போட்டுட்டு போங்க.