வண்டியின் அடிப்பக்கத்தையும் காட்டுங்கள்: வாகன விற்பனையாளர்களுக்கு வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

ஜப்பானிலிருந்து வாகனம் இறக்குபவர்களுக்கும், கொழும்பு, யாழ்ப்பாணம், வவுனியா நகரங்களில் விற்பனை நிலையம் நடத்துபவர்களுக்கும்,

வணக்கம்.

விசுவமடுவிலிருந்து எழுதுகிறேன். நான் ஆசிரியை. வீட்டுக்காரர் வயல் செய்கிறார். இரண்டு பிள்ளைகள், போரில் ஒரு காலை இழந்த மாமி, ஆக ஐந்து பேர். இந்த ஐந்து பேரும் ஒன்றாகப் போய்வர ஒரு வண்டி தேடி உங்கள் நிலையங்கள் பலவற்றில் ஏறி இறங்கிவிட்டோம். எடுத்தால் சிறிய எஸ்யூவிதான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அந்த முடிவுக்கு வர நீங்கள் சொன்ன எதுவும் உதவவில்லை என்பதுதான் இந்த மடலுக்குக் காரணம்.

உங்கள் ஆட்கள் எங்களுக்குக் காட்டியது முன்விளக்கு, பெரிய திரை, அலோய் சில்லு, இரண்டு நிறப் பூச்சு. "ரீச்சர், இது எஸ்யூவி, காட்டுக்குள்ளயும் போகும்" என்றார் ஒரு தம்பி. எந்தக் காட்டுக்குள் என்று கேட்டேன். சிரித்தார். நல்ல பிள்ளை, அவரில் பிழை இல்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்.

எங்கள் பக்க வீதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏ-9 காபட் வீதி. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35, மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-34 இரண்டிலும் எந்தக் காரும் ஓடும். அந்தப் பெரிய வீதிகளிலிருந்து வீட்டுக்கோ வயலுக்கோ திரும்பும்போதுதான் கதை தொடங்குகிறது. கிறவல் போட்ட ஒழுங்கை. மாரியில் கிறவலை வெள்ளம் அள்ளிக்கொண்டு போய்விடும். பிறகு நெல்லேற்றிய உழவு இயந்திரம் போய்வந்து இரண்டு ஆழமான தடம் விழும், நடுவில் திட்டு மேடாக நிற்கும். வெயில் வந்ததும் அந்தத் திட்டு கல்லாக இறுகிவிடும். காரின் சில்லு இரண்டும் தடத்துக்குள் இறங்க, வயிறு திட்டில் உரசும். தடத்தை விட்டு ஏறி ஓட்டலாம் என்றால் ஒழுங்கை அவ்வளவு அகலமில்லை.

டொயோட்டா அக்வாவுக்கு நிலத்திலிருந்து உள்ள இடைவெளி 140 மில்லிமீற்றர். வாகன்-ஆர் அதைவிடச் சற்று உயரம், 150 அளவில். டொயோட்டாவின் சிறிய எஸ்யூவிகளில் யாரிஸ் கிராஸுக்கு 170, ரைஸுக்கு 185. அக்வாவுக்கும் ரைஸுக்கும் நடுவில் நாலரைச் சென்ரிமீற்றர்தான் வித்தியாசம். கொழும்பில் அது ஒன்றுமேயில்லை. எங்கள் ஒழுங்கையில் அந்த நாலரைச் சென்ரிமீற்றருக்காகத்தான் மேலதிகமாக இலட்சக்கணக்கில் கொடுக்கச் சம்மதிக்கிறோம். அதை விளம்பரத்தில் எங்காவது பெரிதாகப் போட்டிருக்கிறீர்களா?

போட்டாலும் அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது. ஜப்பானியப் பட்டியலில் உள்ள இடைவெளி ஆளும் சாமானும் இல்லாத வெறும் வண்டியில் அளந்தது. ஐந்து பேரை ஏற்றி, பின்னால் ஒரு அரிசி மூட்டையும் வைத்தால் ஸ்பிரிங் அமர்ந்து பின்பக்கம் இறங்கும். எவ்வளவு இறங்கும் என்று நீங்கள் ஒருவரும் சொல்வதில்லை. அளப்பது பெரிய வேலையா? உங்கள் நிலையத்தில் வேலை செய்யும் ஐந்து பேரை உட்கார வைத்து, ஒருவர் நாடாவைப் பிடித்தால் போதும். இன்னொன்று, இப்போதைய வண்டிகளின் அடியில் காற்றைக் கிழிக்க ஒரு பிளாஸ்டிக் தட்டு பூட்டியிருக்கிறார்கள். திட்டில் ஒரு முறை கொழுவினால் கிளிப் கழன்று தொங்கும், பிறகு வீடுவரை இழுபடும். அதன் விலை என்ன, கழற்றிவிட்டு ஓடலாமா, கூடாதா என்பதையும் வாங்கும்போதே சொல்லுங்கள்.

தண்ணீர் விசயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தை வன்னியில் யாரும் மறக்கவில்லை. புயல் இல்லாத வருடத்திலும் குளம் நிறைந்து வான் பாய்ந்தால் தாழ்ந்த மதகுகளுக்கு மேலால் தண்ணீர் ஓடும். அந்த நேரத்தில் "எஸ்யூவிதானே, விடலாம்" என்று ஒருவர் இறங்கினால், அந்தத் துணிவை ஊட்டியதில் உங்கள் பங்கும் இருக்கிறது. இவை உயரமாக்கப்பட்ட கார்கள், ஜீப் இல்லை. பெரும்பாலானவற்றுக்கு முன்சில்லு மட்டும்தான் இழுக்கும். ரைஸ் ஹைபிரிட்டில் பற்றரி பின்சீற்றுக்குக் கீழே இருக்கிறது. எஞ்சினுக்குள் காற்றுப் போகும் வாய் எந்த உயரத்தில், பற்றரி எந்த உயரத்தில், தண்ணீர் எதுவரை வந்தால் திரும்பிப் போக வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதித் தாருங்கள். நாலு சில்லும் இழுக்கும் வண்டியை எங்கள் தலையில் கட்டப் பார்க்காதீர்கள். சேற்றில் புதைந்தால் இழுக்க ஊரில் உழவு இயந்திரம் இருக்கிறது.

இனி மாமியின் கதை. நான் எஸ்யூவிக்குச் சம்மதித்ததற்கு வீதியைவிட மாமிதான் பெரிய காரணம்.

செயற்கைக் காலோடு காரில் ஏறுவது எப்படி என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? முதலில் பின்பக்கமாகத் திரும்பி சீற்றில் அமர வேண்டும். பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுக்க வேண்டும். சீற் தாழ்வாக இருந்தால் அமரும்போது விழுவதுபோல் இருக்கும், எழும்பும்போது இரண்டு பேர் தூக்க வேண்டும். பெரிய பிராடோவாக இருந்தால் படி வைத்து ஏற வேண்டும், அது இன்னும் மோசம். சிறிய எஸ்யூவியின் சீற் இரண்டுக்கும் நடுவில், மாமியின் இடுப்பு உயரத்துக்குக் கிட்டத்தட்டச் சரியாக வருகிறது. கதவு எவ்வளவு அகலத்துக்குத் திறக்கிறது, முன்சீற்றை எவ்வளவு பின்னுக்குத் தள்ளலாம் என்பதும் அதே அளவு முக்கியம். முழங்காலுக்கு மேல் எடுக்கப்பட்டவர்களுக்குக் காலை நீட்டி வைக்க இடம் வேண்டும்.

பின்பெட்டியைப் பற்றி லீற்றர் கணக்கில் சொல்கிறீர்கள். ரைஸுக்கு 369 லீற்றர் என்று பட்டியலில் இருக்கிறது, அதுவும் அடித்தட்டை இறக்கி வைத்து அளந்த கணக்கு. எங்களுக்குத் தெரிய வேண்டியது மடித்த சக்கர நாற்காலி படுக்குமா, நிற்குமா, அதைத் தூக்கி வைக்க எவ்வளவு உயரம் தூக்க வேண்டும் என்பதுதான். ஒரு நிலையத்தில் நாற்காலியை ஏற்றிப் பார்க்கக் கேட்டோம். பம்பரில் கீறல் விழும் என்று மறுத்துவிட்டார்கள். வன்னியில் கால் இழந்தவர் இல்லாத தெரு குறைவு. அவர்களும், அவர்களைக் கூட்டிக்கொண்டு கிளினிக் போகிறவர்களும் உங்கள் வாடிக்கையாளர்கள். ஒரு பழைய சக்கர நாற்காலியை வாங்கி நிலையத்தின் மூலையில் வைத்திருங்கள், யார் கேட்டாலும் ஏற்றிப் பார்க்கட்டும். இடது கால் இல்லாத ஒருவருக்கு ஓட்டோமற்றிக் வண்டியில் கிளச் மிதிக்கும் தொல்லை இல்லை என்பதைக்கூட எங்களுக்கு ஒரு நிலையத்திலும் எடுத்துச் சொல்லவில்லை. நாங்களே யோசித்துக் கண்டுபிடித்தோம்.

சரி, விலைக்கு வருவோம். 2020 மார்ச்சில் நிறுத்திய இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. வரி எஞ்சின் அளவைப் பார்த்து ஏறுகிறது, 1000 சி.சி. தாண்டினால் அடுத்த படி. ரைஸின் மூன்று சிலிண்டர் ரர்போ எஞ்சின் 996 சி.சி. என்பதால்தான் இன்று எங்கே பார்த்தாலும் ரைஸ் நிற்கிறது. அதன் ஹைபிரிட் 1200 சி.சி. வகை, அது மேல் படி. இதெல்லாம் அரசாங்கம் போட்ட கணக்கு, அதற்கு உங்களோடு சண்டை பிடிக்க முடியாது. ஆனால் வரி குறைவான வண்டியும் எங்களுக்குப் பொருந்துகிற வண்டியும் ஒன்றேதான் என்பதுபோல் பேசாதீர்கள். சிறிய ரர்போ எஞ்சினுக்கு எண்ணெயைக் காலம் தவறாமல் மாற்ற வேண்டும். புழுதிக்குள் ஓடும் வண்டிக்கு இன்னும் முந்தியே மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துச் சொன்னால்தான் எங்கள் கணக்கு சரியாக வரும்.

ரைஸைக் கட்டுவது டைஹட்சு. 2023 மே மாதத்தில் ரைஸ், அதே வண்டியின் டைஹட்சு வடிவமான ரொக்கி ஆகியவற்றின் ஹைபிரிட்களுடைய பக்கவாட்டு மோதல் பரிசோதனையில் முறைகேடு நடந்ததை அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் தன் எல்லா மாடல்களையும் அனுப்புவதை நிறுத்தியது. ஜப்பான் அரசு பரிசோதித்த பிறகு 2024 இல் உற்பத்தி மறுபடியும் தொடங்கியது. முதல் தலைமுறை வெசல் ஹைபிரிட்டின் இரட்டைக் கிளச் கியர்பெட்டிக்காக ஹொண்டா 2014 இல் ஜப்பானிலேயே வண்டிகளை மீள அழைத்தது. இவை இரகசியம் இல்லை. நாங்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லலாம். சொன்னால் விலை கொஞ்சம் இறங்கும் என்று பயப்படுகிறீர்கள் போல.

ஏலத் தாள் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானில் வண்டியை ஏலத்தில் விற்கும்போது அதன் நிலையை எழுதிவைக்கும் தாள் அது. கார் வாங்கவரும் விவசாயிக்கு அப்படி ஒரு தாள் இருப்பதே தெரியாது. தெரிந்து கேட்டால் தொலைபேசியில் மங்கலான ஒரு படம் காட்டுகிறீர்கள். ஆர், ஆர்ஏ என்று தரம் போட்டிருந்தால் விபத்தில் அடிபட்டுத் திருத்திய வண்டி. படத்தில் ஏ என்றால் கீறல், யூ என்றால் நெளிவு, எக்ஸ்எக்ஸ் என்றால் மாற்றிய பாகம். இவ்வளவையும் தமிழில் விளக்க அரைப்பக்கம் போதும். வண்டியைத் தூக்கியில் ஏற்றி அடிப்பக்கத்தையும் காட்டுங்கள். ஜப்பானின் வடக்கில் பனி உருக வீதியில் உப்புப் போடுவார்கள், அங்கே ஓடிய வண்டிக்கு மேலே பளபளப்பு இருக்கும், கீழே துரு இருக்கும். முல்லைத்தீவுக் கரையில் குடியிருப்பவர் அந்தத் துருவின் மேல் இன்னும் உப்புக்காற்றையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

உதிரிச் சில்லு! பல வண்டிகளில், முக்கியமாக ஹைபிரிட்களில், அது இல்லை. பதிலாக ஓட்டை அடைக்கும் பசைப் போத்தல் ஒன்றும் சிறிய பம்பும். ஆணி குத்தினால் அந்தப் பசை உதவும். கிறவல் கல் ரயரின் பக்கச் சுவரைக் கிழித்தால் உதவாது. பூநகரியிலிருந்து மன்னார் போகும் ஏ-32 இல் இருட்டிய பிறகு ரயர் கிழிந்தால் எங்கே போவது? மாடும் எருமையும் படுத்திருக்கும் வீதி அது. உதிரிச் சில்லு வைக்க இடமுள்ள வண்டிக்கு அதைச் சேர்த்து விற்றுவிடுங்கள், விலையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கோடையில் எங்கள் செம்புழுதி எல்லாவற்றுக்குள்ளும் போகும். ஹைபிரிட் பற்றரியைக் குளிராக்கும் காற்று பல வண்டிகளில் பயணிகள் இருக்கும் பகுதியிலிருந்துதான் போகிறது. அதன் துவாரம் புழுதியால் அடைத்தால் பற்றரி சூடேறும். அதைத் துடைக்க வேண்டும் என்று சொல்லித்தர யாருமில்லை. வண்டியோடு வரும் புத்தகம் ஜப்பானிய மொழியில், திரையும் அப்படியே. சாவியைப் போட்டதும் ஒரு பெண் ஜப்பானிய மொழியில் ஏதோ பணிவாகச் சொல்கிறாள். அது ஜப்பானின் விரைவுப்பாதைக் கட்டண அட்டை செருகவில்லை என்ற அறிவிப்பாம். வன்னியில் எத்தனை குடும்பங்கள் அந்த அம்மாவுக்குத் தினமும் காலை வணக்கம் சொல்லிக்கொண்டு ஓடுகின்றனவோ தெரியாது.

திருத்த வேலைக்கு நாங்கள் இன்னும் யாழ்ப்பாணமோ கொழும்போ போக வேண்டியிருக்கிறது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோலைச் சொட்டாக விட்டு எஞ்சினைத் தொடக்கி, மண்ணெண்ணெயில் பழைய ஒஸ்ரின் ஏ-40 கார்களை ஓட வைத்த கைகள் எங்கள் கராஜ்காரருடையவை. அவர்களுக்கு ஹைபிரிட் படிக்க முடியாதென்று சொல்லாதீர்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இலிருந்து இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இயங்குகிறது, வாகனத் தொழில்நுட்பம் அங்கே ஒரு பாடநெறி. ஊரில் எல்லாரும் ஜேர்மன் ரெக் என்று சொல்வார்கள். அங்கே படித்து வெளியே வரும் பிள்ளைகளில் இரண்டு பேரை வேலைக்கு எடுத்து, வண்டியின் பிழையைக் கண்டுபிடிக்கும் ஸ்கானர் ஒன்றும் கொடுத்து கிளிநொச்சியில் ஒரு சிறிய இடம் திறவுங்கள். பளபளப்பான காட்சியறை வேண்டாம், தகரக் கொட்டகை போதும்.

எங்கள் பக்கம் காலபோக வெட்டு மாசி, பங்குனியில் முடியும். நெல்லுக்குக் காசு வந்த பிறகுதான் வண்டி வாங்குகிற யோசனை உறுதியாகும். அதற்கு முதல் உங்களில் யாராவது ஒரு ரைஸையும் ஒரு யாரிஸ் கிராஸையும் விசுவமடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஐந்து பேரும் ஏறுகிறோம், சக்கர நாற்காலியும் அரிசி மூட்டையும் பின்னால் வைக்கிறோம், ஏ-35 இலிருந்து எங்கள் வயல்வரை ஓட்டிப் பார்க்கிறோம். பெற்றோல் எங்கள் செலவு, மத்தியானச் சாப்பாடும்தான். எது திட்டில் உரசாமல் போகிறதோ அதற்கு முற்பணத்தை அன்றைக்கே தருகிறோம். ஏலத் தாளை மட்டும் மறக்காமல் எடுத்துவாருங்கள், தெளிவான பிரதியாக.

இப்படிக்கு,
விசுவமடுவிலிருந்து ஓர் ஆசிரியை