எங்களுக்கு நிதானத்தைக் கடன் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லாருக்கும்,

எங்கள் மகனுக்கு இப்போது ஏழு வயது. போன வருடம் அழுகையும் கோபமும் அடங்காமல் அவன் பட்ட பாடும், அவனோடு சேர்ந்து நாங்கள் பட்ட பாடும் உங்களுக்குத் தெரியும். நேரில் பார்க்கும்போதெல்லாம் நன்றி சொல்லிவிட்டோம்தான். வாசலில் நின்று அவசரமாகச் சொல்வதில் பாதி விட்டுப்போகிறது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் ஆலோசகர் மேடத்துக்கு. அவனைச் சரிசெய்து தருவீர்கள் என்று நினைத்துத்தான் கூட்டி வந்தோம். நீங்கள் அவனைவிட எங்களிடம்தான் அதிகம் பேசினீர்கள். உணர்ச்சியைக் கட்டுப்படுத்தி யோசிக்க உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர 25 வயதாவது ஆகும், அதுவரை பக்கத்தில் இருக்கும் பெரியவரின் நிதானத்தைத்தான் பிள்ளை கடன் வாங்கும் என்றீர்கள். "சரி மேடம், எங்களுக்கு யார் கடன் கொடுப்பது?" என்று என் கணவர் கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள். அதற்கான பதில்தான் இந்த மடலில் வரும் மற்றவர்கள்.

நிதானம் என்றால் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பது இல்லை என்பதும் உங்களிடம்தான் புரிந்தது. 1970களில் எட்வர்ட் டிரானிக் என்ற உளவியலாளர் செய்த சோதனையைச் சொன்னீர்கள். குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருந்த அம்மா, திடீரென்று எந்த அசைவும் இல்லாமல் வெறும் முகத்தோடு உட்கார்ந்துவிடுகிறார். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டிப் பார்க்கிறது, ஒன்றும் நடக்காமல் போகவே கலங்கிவிடுகிறது. அம்மா பழையபடி கொஞ்சத் தொடங்கினால்தான் மெல்லத் தேறுகிறது. அதைக் கேட்ட பிறகு, கோபம் வந்தால் மூச்சை இழுப்பதைவிட நீளமாக விட்டு, குரலைத் தணித்து, ஆனால் முகத்தை அவன் பக்கமே வைத்திருக்கப் பழகினோம்.

உணர்வுக்குப் பேர் சொல்லிக் கேளுங்கள் என்றீர்கள். முதலில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு சாயங்காலம் ஒரு காலில் ஷூவோடு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். "உன்னைச் சேர்த்துக்காம விளையாடினாங்களா? கோபமா இருக்கா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "கோபம் இல்லம்மா. வெட்கமா இருந்துச்சு" என்றான். நான் தப்பாகச் சொன்ன பேரை அவனே திருத்திக்கொண்டான். அடுத்த ஷூவையும் அவனே கழற்றினான்.

குழந்தை மருத்துவர் முதலில் கேட்டது தூக்கத்தைப் பற்றி. 6 முதல் 12 வயது வரை நாளுக்கு 9 முதல் 12 மணி நேரம் தூங்க வேண்டுமாம். அவனுக்கு அதில் நல்ல குறை இருந்தது. நன்றி டாக்டர்.

அத்தை, உங்களுக்கு எப்படி எழுதுவது? "பிள்ளையை நான் பார்த்துக்கிறேன், நீ போய்ப் படு" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போவீர்களே, அந்த ஒரு மணி நேரத் தூக்கம்தான் மிச்ச நாளைத் தாங்கியது. எழுந்து வரும்போது வீடு கலைந்து கிடக்கும், நீங்கள் இருவரும் அதன் நடுவே பேசிக்கொண்டிருப்பீர்கள்.

பக்கத்து வீட்டு அக்கா, அலறல் கேட்டுக் கதவைத் தட்டினீர்கள். புத்திமதி வரப்போகிறது என்று நினைத்தேன். "சின்னவளை நான் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று மட்டும் கேட்டீர்கள். ஒரு பிள்ளை அழும்போது இன்னொன்று மூலையில் பயந்து நிற்கும் என்பது உங்களுக்குத்தான் தோன்றியது. ("ரெண்டு போட்டா சரியாயிடும்" என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களுக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை, மன்னிக்கவும்.)

அலுவலகத்தில் சாயங்காலக் கூட்டங்களை எனக்காகக் காலைக்கு மாற்றியவர்களுக்கும் நன்றி. காரணம்கூடக் கேட்கவில்லை நீங்கள்.

கடைசியாக வகுப்பு டீச்சருக்கு. தாங்க முடியாதபோது மேஜையில் வைக்க அவனுக்கு ஒரு நீல அட்டை கொடுத்தீர்கள். அதை வைத்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்துவிட்டு வரலாம். மற்ற பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்று கொடுத்ததால் அவன் தனியாகத் தெரியவில்லை.

அழுகை இப்போதும் வருகிறது, முன்போல நீள்வதில்லை. வரும் ஆண்டு அவனுக்கு வேறு டீச்சர். அவரிடம் அட்டை விஷயத்தை நீங்களே சொல்லிவிடுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கும் சேர்த்து நன்றி டீச்சர்.

அன்புடன்,
அவன் அம்மாவும் அப்பாவும்