படலை இரண்டு, வளவு ஒன்று

கோப்பாய்,
யாழ்ப்பாணம்.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பின ஸ்கிரீன்ஷொட் மூன்றையும் பேக்கப் பதிவையும் வடிவாகப் பார்த்தேன். உன் கணினியில் செருகினால் வெளி டிஸ்க்கில் 'வீட்டு ஆவணங்கள்' முழுதாகத் தெரிகிறது. மருமகனுடைய மடிக்கணினியில் செருகினால் அதே கோப்புறை திறக்க மறுக்கிறது. பேக்கப் மென்பொருளோ ஒவ்வொரு இரவும் 'வெற்றிகரமாக முடிந்தது' என்று எழுதுகிறது. டிஸ்க் பழுதாகவில்லை, புதிது வாங்காதே. பிழை வேறு இடத்தில்.

மிச்சத்தை வாசிக்க முதல் இரண்டு காரியம் செய். இரவு ஓடுகிற பேக்கப் அட்டவணையை நிறுத்து. அமைப்புகளில் 'மிரர்' என்றோ, 'மூலத்தில் இல்லாததை அழி' என்றோ இருந்தால் அதையும் எடுத்துவிடு. பழைய பேக்கப்பில் எதையும் அழிக்காதே, அதன் பெயரையும் மாற்றாதே. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சி டிரைவில் இடம் போதாமல் நீ ஆவணங்களை டி டிரைவுக்கு மாற்றி, பழைய இடத்தில் ஒரு இணைப்புக் கோப்புறை வைத்திருக்கிறாய். வின்டோஸ் இதை ஜங்ஷன் என்று சொல்லும். ஒரே வளவுக்கு இரண்டு படலை வைத்த மாதிரித்தான் இது. முன் ஒழுங்கையால் வந்தாலும் பின் ஒழுங்கையால் வந்தாலும் உள்ளே இருப்பது ஒரே கிணறு, ஒரே மா. நாங்கள் சாதாரணமாக வைக்கிற ஷோர்ட்கட் அப்படியில்லை. அது விலாசம் எழுதின ஒரு சின்னத் துண்டு, தனிக் கோப்பு. ஜங்ஷனை மற்ற மென்பொருள்கள் உண்மையான கோப்புறை என்றே நம்பி உள்ளே போகும். சிம்பொலிக் லிங்க் என்பதும் ஏறக்குறைய இதுதான். ஜங்ஷன் அதே கணினியில் உள்ள கோப்புறைக்கு மட்டும். சிம்பொலிக் லிங்க் தனிக் கோப்புக்கும் வலையமைப்பில் உள்ள இடத்துக்கும் கூடப் போகும்.

பேக்கப் மென்பொருள் இந்தப் படலைக்கு முன்னால் வரும்போது மூன்றில் ஒன்றைச் செய்யும்: உள்ளே போய் எல்லாவற்றையும் பிரதி எடுக்கும், படலையை மட்டும் பிரதி எடுக்கும், அல்லது பார்க்காமல் கடந்து போகும். உன்னுடையது இரண்டாவதைச் செய்திருக்கிறது. காணி உறுதியைப் பிரதி எடுக்கச் சொன்னால், உறுதி இலக்கத்தை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்வதுபோல.

உன் கணினியில் எல்லாம் இருக்கிற மாதிரித் தெரிந்ததற்கும் அதுதான் காரணம். ஜங்ஷனுக்குள் எழுதியிருப்பது டிரைவ் எழுத்தோடு சேர்ந்த முழு விலாசம். வெளி டிஸ்க்கில் உள்ள அந்தக் கோப்புறையைச் சொடுக்கும்போது, வின்டோஸ் உன்னை டி டிரைவில் இருக்கிற மூலத்துக்கே கொண்டுபோய் விடுகிறது. நீ பேக்கப்பைப் பார்க்கிறேன் என்று நினைத்து மூலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். இதில் பெரிய ஆபத்து இருக்கிறது, பிள்ளை. 'பேக்கப்பில் இடம் போதாது, பழையதை அழிப்பம்' என்று அந்தக் கோப்புறைக்கு உள்ளே போய் அழித்தால், அழிவது ஒரே ஒரு பிரதியாக இருக்கிற மூலம். அதனால்தான் கை வைக்காதே என்றேன்.

இனி எங்கெங்கே இணைப்பு இருக்கிறது என்று கண்டுபிடி. கட்டளைகளை நான் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், நீ அடிக்கும்போது அந்தந்த ஆங்கில எழுத்தாக அடி. கமாண்ட் புறொம்ப்டைத் திற. பவர்ஷெல் வேண்டாம், இந்தக் கட்டளைகள் அங்கே இதே மாதிரி ஓடாது.

டிஐஆர் /ஏஎல் /எஸ் சி:\யூசர்ஸ்\உன்-பெயர்

வருகிற பட்டியலில் ஜங்ஷன், சிம்லிங்க் (கோப்புக்கான சிம்பொலிக் லிங்க்), சிம்லிங்க்டி (கோப்புறைக்கான சிம்பொலிக் லிங்க்) என்ற குறிகள் இருக்கும். பக்கத்தில் சதுர அடைப்புக்குள் அது போய்ச் சேருகிற இடமும் இருக்கும். கடைசியில் > போட்டு ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால் பட்டியல் அந்தக் கோப்பில் சேரும். டி டிரைவுக்கும் இதேபோல் செய். அந்தப் பட்டியலைப் பேக்கப்போடு சேர்த்து வை, பிறகு தேவைப்படும்.

பட்டியலில் நீ வைக்காத பலதும் வரும். டொகியுமென்ட்ஸுக்குள் மை மியூசிக், மை பிக்சர்ஸ், மை வீடியோஸ் என்று மூன்று, ஆப்டேட்டாவுக்குள் அப்ளிகேஷன் டேட்டா என்று ஒன்று, இன்னும் சில. இவை பழைய மென்பொருள்களுக்காக வின்டோஸே வைத்தவை. உன் பதிவில் சிவப்பாக இருக்கிற 'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற வரிகள் இவற்றால்தான் வந்தன. உள்ளே போய்ப் பட்டியலிட முடியாதபடி வின்டோஸ் வேண்டுமென்றே தடை போட்டிருக்கிறது. சிவப்பு வரியைப் போக்குகிறேன் என்று அந்தத் தடையை எடுத்துவிடாதே. ஆப்டேட்டா\லோக்கலுக்குள் இருக்கிற அப்ளிகேஷன் டேட்டா அதே லோக்கலுக்கே திரும்பி வருகிறது. தடை இல்லாவிட்டால், அல்லது தடையைத் தாண்டும் சிறப்புரிமையோடு மென்பொருள் ஓடினால், அது செக்கு மாடுமாதிரிச் சுற்றிச் சுற்றி ஒரே கோப்புகளைத் திருப்பித் திருப்பி எடுக்கும். பாதையின் நீளம் எல்லையை முட்டும்வரை நிற்காது. ஒரு நாள் பேக்கப் காரணமில்லாமல் பல மடங்கு பெருத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

அடுத்தது ஒரு சின்னச் சோதனை. அமைப்புப் பக்கத்தில் எழுதியிருப்பதை விட இதையே நம்பு. டி டிரைவில் 'சோதனை-மூலம்' என்று ஒரு கோப்புறை செய்து மூன்று படம் போடு. சி டிரைவில் டொகியுமென்ட்ஸுக்குள் 'சோதனை' என்று இன்னொன்று செய்து, அதற்குள் ஒரு சாதாரணக் கோப்பு, ஒரு ஷோர்ட்கட், ஒரு ஜங்ஷன் வை. ஜங்ஷன் செய்யும் கட்டளை இது:

எம்கேலிங்க் /ஜே "புதிய படலை" "டி:\சோதனை-மூலம்"

புதுப் பெயர் முன்னுக்கு, ஏற்கெனவே இருக்கிற இடம் பின்னுக்கு. இந்த ஒழுங்கை மாற்றி அடிப்பவர்கள் அதிகம். 'சோதனை'யை மட்டும் பேக்கப் எடுத்து, டிஸ்க்கை மருமகனுடைய மடிக்கணினியில் செருகிப் பார். மூன்று படமும் திறந்தால் மென்பொருள் உள்ளே போகிறது. கோப்புறை இருந்தும் திறக்காவிட்டால் படலையை மட்டும் எடுக்கிறது. கோப்புறையே இல்லையென்றால் கடந்து போகிறது. கோப்புறை திறந்து உள்ளே வெறுமையாக இருந்தால் அதுதான் மிக மோசம்: பெயரை உருவாக்கிவிட்டு உள்ளடக்கத்தை விட்டிருக்கிறது, பிழை வரியும் எழுதாது. சேமிப்பு ஒரே பொதியாக இருக்கிற மென்பொருளென்றால், அந்த மடிக்கணினியில் மீட்டெடுத்துப் பார்க்க வேண்டும்.

மென்பொருளை மாற்றுவதென்றால் இதை நினைவில் வை. டூப்ளிகாட்டி என்ற பேக்கப் மென்பொருளில் சிம்லிங்க் கொள்கை என்று ஒரு தெரிவு உண்டு. ஒன்றும் தொடாவிட்டால் இணைப்பை இணைப்பாகவே சேமிக்கும். ஃப்ரீஃபைல்சிங்க் என்ற இன்னொரு மென்பொருள், நீ சொல்லாவிட்டால் சிம்பொலிக் லிங்க்கைச் சேர்க்காது.

உனக்குச் சரியான வழி 'இணைப்பைப் பின்தொடர்' என்ற தெரிவு என்று நீ நினைப்பாய். நான் அதை விரும்பவில்லை. டி டிரைவில் உள்ள உண்மையான கோப்புறையையே தனி மூலமாகச் சேர், இணைப்பை விட்டுவிடச் சொல். பின்தொடரச் சொன்னால், இரண்டு படலையாலும் போய் ஒரே வளவை இரண்டு தரம் அளக்கும். இன்னொன்று, டிரைவ் எழுத்து மாறினால், அல்லது மூலம் இருக்கிற டிஸ்க் அன்றைக்குச் செருகப்படாமல் இருந்தால், படலைக்கு அப்பால் ஒன்றுமில்லை. 'மிரர்' போட்டிருக்கிற சில மென்பொருள்கள், மூலத்தில் எல்லாம் அழிக்கப்பட்டுவிட்டது என்று விளங்கிக்கொண்டு பேக்கப்பையும் வழித்துத் துடைத்துவிடும். தாத்தாவின் காணி உறுதிகளும் உன் பிறப்பத்தாட்சிப் பத்திரமும் அதற்குள்தான் இருக்கின்றன.

இன்றைக்கே ஒரு பிரதி எடுக்க வின்டோஸோடு வருகிற ரோபோகொப்பி என்ற பிரதிக் கட்டளை போதும். வெளி டிஸ்க்கின் எழுத்து எஃப் என்று வைத்துக்கொண்டால்:

ரோபோகொப்பி "டி:\வீட்டு ஆவணங்கள்" "எஃப்:\புதுப்பிரதி" /ஈ /எக்ஸ்ஜே /ஆர்:1 /டபிள்யூ:1 /எல்

/எல் இருக்கும்வரை என்ன செய்யப்போகிறது என்று காட்டும், ஒன்றையும் எழுதாது. பட்டியல் சரியென்றால் /எல்லை எடுத்துவிட்டுத் திருப்பி ஓட்டு. /ஈ உட்கோப்புறைகள் எல்லாவற்றையும் எடுக்கும், எதையும் அழிக்காது. /எக்ஸ்ஜே ஜங்ஷன்களைத் தவிர்க்கும். அதைப் போடாவிட்டால் ரோபோகொப்பி உள்ளே போய்விடும். /ஆர், /டபிள்யூ இரண்டையும் விட்டுவிடாதே. திறக்க முடியாத ஒரு கோப்பை அது தன்பாட்டில் 30 செக்கனுக்கு ஒரு தரம் 10 இலட்சம் தரம் முயற்சி செய்யும், விடிய எழும்பிப் பார்த்தால் அதே கோப்பில் நிற்கும். முடிவில் வெளியேறு குறியீடு 1 என்று வந்தால் பயப்படாதே, கோப்புகள் பிரதியாகின என்று அர்த்தம். 8 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் ஏதோ எடுபடவில்லை.

உன் டிஸ்க் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் இருக்கிறது என்று படத்தில் கண்டேன், அதனால் ஜங்ஷன் அதில் நின்றது. கடையில் வாங்குகிற பென் டிரைவ்களில் பல எக்ஸ்ஃபாட் என்ற வேறு முறைமையில் இருக்கும். அதில் ஜங்ஷன், சிம்பொலிக் லிங்க் எதுவும் நிற்காது. இணைப்பை இணைப்பாக எடுக்கிற மென்பொருள் அங்கே பிழை சொல்லும், அல்லது பேசாமல் விட்டுவிடும்.

ஹார்ட் லிங்க் என்று ஒன்றும் உண்டு. வீட்டில் கூப்பிடுகிற பெயரும் பதிவுப் பெயரும் ஒரே ஆளுக்கு இருக்கிற மாதிரி, ஒரே கோப்புக்கு இரண்டு பெயர். பிரதி எடுக்கும்போது இரண்டு தனிக் கோப்பாகி இடம் பிடிக்கும், தரவு தொலையாது. அதோடு மினக்கெடாதே.

தம்பி லினக்ஸ் பாவிக்கிறபடியால் அவனுக்கும் இதைச் சொல். ஆர்சிங்க் என்ற பிரதிக் கட்டளையில் சின்ன ஏ போட்டால் சிம்பொலிக் லிங்க்கை இணைப்பாகவே எடுக்கும், பெரிய எல் போட்டால் உள்ளே போகும். ஹார்ட் லிங்க்கைக் காப்பாற்ற பெரிய எச் தனியாகப் போட வேண்டும், ஏக்குள் அது இல்லை. மூலமாகக் கொடுக்கிற பெயரே ஒரு சிம்பொலிக் லிங்க் என்றால், கடைசியில் சாய்கோடு போடாவிட்டால் இணைப்பு மட்டும்தான் போகும், போட்டால் உள்ளடக்கம் போகும். ஒவ்வொரு முறையும் முதலில் சின்ன என் போட்டு ஒத்திகை பார்க்கச் சொல்.

பிரதி முடிந்ததும் டிஸ்க்கை மருமகனுடைய கணினிக்குக் கொண்டுபோ. உன் கணினியில் பார்க்கிற சோதனை சோதனையே இல்லை. கோப்புகளின் எண்ணிக்கையை மூலத்தோடு ஒப்பிடு. பெரிய ஸ்கேன் கோப்புகள் மூன்றை இரண்டு கணினியிலும் இப்படிச் சரிபார்:

சேர்ட்யூடில் -ஹாஷ்ஃபைல் கோப்பின்-பெயர் எஸ்எச்ஏ256

இரண்டு பக்கமும் வருகிற நீள எண் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பிறகு ஒரு நாள் புதுக் கணினியில் எல்லாவற்றையும் மீட்டெடுக்க நேர்ந்தால், முதலில் டி டிரைவில் மூலத்தை வை, அதற்குப் பிறகு சேமித்த பட்டியலைப் பார்த்து ஜங்ஷன்களை எம்கேலிங்க்கால் கையால் செய். சிம்பொலிக் லிங்க் செய்ய நிர்வாகி உரிமை அல்லது டெவலப்பர் மோட் வேண்டும், ஜங்ஷனுக்கு வேண்டாம். சோதனைக்குச் செய்ததை எடுக்க ஆர்எம்டிஐஆர் போட்டு அதன் பெயரை அடி, /எஸ் சேர்க்காதே. படலை மட்டும் போகும், வளவு இருக்கும்.

மூலத்தின் எண்ணிக்கையும் பிரதியின் எண்ணிக்கையும் கிடைத்ததும் எனக்கு அனுப்பு. அதுவரை இரவு அட்டவணையைத் திருப்பிப் போடாதே. உனக்கு இரவு பத்து மணி ஆகும்போது இங்கே காலை ஏழரை, தேத்தண்ணியோடு கணினிக்கு முன்னால்தான் இருப்பேன். ஆறுதலாகக் கதைப்பம்.

அன்புடன்,
அம்மா