நம் பாறைக்கு வேன் பிடித்து வராதே

கோட்டூர்,
மார்கழி 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. இரண்டு முறை பதில் எழுத உட்கார்ந்து, இரண்டு முறையும் எழுந்து தோப்புக்குப் போய்விட்டேன். போனில் பேசினால் பாதியிலேயே சண்டை வந்துவிடும் என்று பயம். அதனால்தான் தாளை எடுத்தேன்.

வீட்டில் எல்லோரும் நலம். தென்னைதான் நலமாக இல்லை. வெள்ளை ஈ போனால் வேர்வாடல் வருகிறது, கிழக்கு வரப்பில் பதினோரு மரத்தை வெட்டிவிட்டேன். உன் அப்பா வைத்துக் கொடுத்த மரம் மட்டும் இன்னும் காய்க்கிறது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். மற்றவற்றை நீ வரும்போது பேசலாம்.

பொங்கல் லீவில் கம்பெனி ஆட்கள் பதினெட்டுப் பேரோடு வேன் பிடித்து வருவதாக எழுதியிருக்கிறாய். மாசாணியம்மனைக் கும்பிட்டு, ஆழியாறில் மீன் சாப்பிட்டு, கவியருவியில் குளித்து, அப்படியே வால்பாறை மலை ஏறி ஆற்றோரத்து நம் பாறையைப் பார்க்க வேண்டும் என்கிறாய். "எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், நீதான் வழி காட்ட வேண்டும்" என்ற வரியை மூன்று முறை படித்தேன். இத்தனை வருடத்தில் நீ கேட்டு நான் முடியாது என்று சொன்னதில்லை. இதற்கு முடியாது என்றுதான் சொல்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

ஆயுத பூஜை லீவுக்கு வால்பாறையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். புதன், வியாழன் லீவு, வெள்ளி ஒரு நாள் மட்டும் விட்டுப் பிறகு சனி ஞாயிறு. ஊரே நிரம்பி வழிந்தது. கூழாங்கல் ஆற்றில் கல் தெரியவில்லை, தலைதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மச்சானுக்கு நெஞ்சு வலி வந்தது. அங்கே முதலுதவி பார்த்துவிட்டு உடனே பொள்ளாச்சிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவு. ஆம்புலன்சில் நானும் தங்கையும் ஏறிக்கொண்டோம்.

அட்டகட்டி வரை வண்டி நன்றாகத்தான் இறங்கியது. கீழிருந்து எண்ணினால் பதினான்காவது வளைவு, அதைத் தாண்டியதும் நின்றுவிட்டது. முன்னால் கார், காருக்கு முன்னால் வேன், வேனுக்கு முன்னால் டெம்போ. சைரன் அலறுகிறது, யாருக்கும் ஒதுங்க இடமில்லை. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளம். மச்சானின் உள்ளங்கை சில்லிட்டுப் போயிருந்தது. தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தொன்பது வருடம் அந்தச் சாலையில் பஸ் ஓட்டியவன் நான். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. இறங்கி ஓடினேன்.

ஒவ்வொரு வண்டியாகத் தட்டித் தட்டி ஒதுங்கச் சொல்லிக்கொண்டே போனேன். பாதிப் பேருக்கு மலையில் வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியவில்லை. கிளட்ச் கருகும் நாற்றம், பிரேக் கருகும் நாற்றம். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழிவிட வேண்டும், எந்த கியரில் ஏறுகிறாயோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். எங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்த பாடம் இது. இவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பிரேக்கில் காலை வைத்தபடியே நாற்பது வளைவும் இறங்குகிறார்கள்.

அடைப்பு எங்கே என்று பார்த்தால் ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ காட்சி முனையில். வரையாடு மூன்று நான்கு சாலையோரச் சுவரின் மேல் நின்றிருந்தன. அதைப் பார்க்க வண்டியைப் போட்ட இடத்திலேயே போட்டுவிட்டு எல்லோரும் இறங்கியிருந்தார்கள். ஒருவர் தன் குழந்தையைத் தூக்கி ஆட்டின் முகத்தருகே நீட்டுகிறார், இன்னொருவர் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கிறார். நம் மாநில விலங்கு மாப்பிள்ளை அது. 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதற்கும் 1,303 தான் இருப்பதாகப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது மேலே பாறை விளிம்பில் புள்ளியாகத்தான் தெரியும். "அதோ, அதோ" என்று கண்டக்டர் கை காட்டுவதற்குள் மறைந்துவிடும். இப்போது சாலைக்கு வந்து கார் கதவருகே காத்து நிற்கிறது. அதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை, வயிற்றைப் பிசைகிறது.

அங்கே நின்று கத்தினேன். ஆம்புலன்சில் உயிர் ஊசலாடுகிறது என்று கத்தினேன். என்ன நடந்தது தெரியுமா? ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லை. குழந்தையைத் தூக்கி வைத்திருந்தவர் முகம் வெளுத்துப் போய், "மன்னிச்சுக்குங்க ஐயா, தெரியாது" என்று காரை நோக்கி ஓடினார். கல்லூரிப் பையன் ஒருவன் பைக்கை ஓரம் கட்டிவிட்டு என்னோடு ஓடிவந்து, எதிரில் வந்த வண்டிகளையெல்லாம் நிறுத்தினான். அவன் இல்லாவிட்டால் அன்றைக்கு இன்னும் அரை மணி நேரம் ஆகியிருக்கும். மச்சான் பிழைத்துக்கொண்டார். இப்போது உப்பில்லாத சாப்பாடு, காலை மாலை நடை.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. வருகிறவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாதம் முழுக்கத் தறியிலும் தையல் மெஷினிலும் கிடந்தவர்களுக்கு இரண்டு நாள் குளிர்ந்த காற்று வேண்டும். உன் ஆட்களும் அப்படித்தானே. அந்தக் காற்றை நாங்கள் மட்டும் கட்டி வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒரே நாளில், ஒரே மூன்று இடத்துக்கு, அத்தனை பேரும் வந்தால் அந்த நல்லவர்களே ஒரு உயிருக்குக் குறுக்கே நிற்கிறார்கள். அவர்களுக்கே அது தெரிவதில்லை.

தங்கை மகனிடம் இதைச் சொன்னால் அவனுக்கு வேறு கணக்கு. இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடுகிறான். "மாமா, கொழுந்துக் கூலியை நம்பி இனி யார் இருப்பார்கள்? எஸ்டேட்டில் இன்று அசாம், ஜார்க்கண்ட் ஆட்கள்தான் பறிக்கிறார்கள். நம் பையன்கள் எல்லாம் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் இறங்கிவிட்டார்கள். நான் இங்கேயே இருக்கிறேன் என்றால் வருகிற கூட்டத்தால்தான்" என்கிறான். அவன் சொல்வது பொய்யில்லை. ரொட்டிக்கடை என்ற ஊரில் டீக்கடை வைத்திருக்கும் அம்மணி சனி ஞாயிறு வியாபாரத்தில்தான் மகளை நர்சிங் படிக்க வைக்கிறாள். கூட்டமே வேண்டாம் என்று நான் சொன்னால் அவள் வயிற்றில் அடிப்பதாகும்.

2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கு இ-பாஸ் வந்துவிட்டது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்தில் வந்த மாதிரிதான், உயர் நீதிமன்ற உத்தரவு. ஆழியாறு சோதனைச் சாவடியில் பார்க்கிறார்கள். எத்தனை வண்டி வருகிறது என்று யாராவது எண்ணத் தொடங்கினார்களே என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதி. உன் வேனுக்கும் அது வேண்டும். அரசு பஸ்ஸில் வந்தால் வேண்டாம்.

இனி நம் பாறை.

அது எந்த எஸ்டேட்டுக்குக் கீழே, எந்த வளைவில் இறங்க வேண்டும் என்று இந்தத் தாளில்கூட எழுத மாட்டேன். உனக்குத் தெரியும். பத்தாவது பரீட்சை முடிந்த மறுநாள் முதல் பஸ் பிடித்து நாம் போனது நினைவிருக்கிறதா? உன் அம்மா தூக்குப்போசியில் அரிசி பருப்பு சாதம் கட்டிக் கொடுத்தார்கள். ஆற்றுத் தண்ணீரில் போசியை வைத்துவிட்டு மறந்துபோய், அது மிதந்து போக, நீ இடுப்பளவுத் தண்ணீரில் ஓடிப் பிடித்தாய். அன்று மாலை தலைக்கு மேல் இருவாச்சிப் பறவை பறந்தது. ரயில் வருகிறது என்று நீ சொன்னாய். அந்த இறக்கைச் சத்தத்தைக் கேட்ட பிறகு நாம் இரண்டு பேரும் வெகு நேரம் பேசவில்லை.

இப்போது ஒன்றை உன்னிடம் சொல்லியாக வேண்டும். அந்தப் பாறையைக் காட்டிக் கொடுத்தவன் நான்தான். ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, கோயமுத்தூர்ப் பையன் ஒருவன் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து வழி நெடுக மரத்தையும் பறவையையும் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தான். இவ்வளவு ஆசையாகக் கேட்கிறானே என்று பாறையைப் பற்றிச் சொன்னேன். இறங்க வேண்டிய இடத்தில் நிறுத்தியும் விட்டேன். நல்ல பையன்தான். மகிழ்ச்சியில் வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறான். அடுத்த வருடம் அங்கே ஜீப் போகத் தடம் விழுந்தது. அதற்கடுத்த வருடம் பாட்டுப் பெட்டி. இதை யாரிடமும் நான் சொன்னதில்லை, என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது.

தீபாவளி முடிந்து இரண்டு வாரம் கழித்துப் போனேன். பாறையின் மேல் அடுப்பு மூட்டிய கரி. நீ போசி பிடித்த இடத்தில், தண்ணீருக்கு அடியில் பீர் பாட்டில் உடைசல். காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தருகிறார்கள். காட்டில் உடைகிற பாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்று நீதிமன்றம் சொல்லித்தான் 2022-இல் அதை நீலகிரியில் ஆரம்பித்தார்கள். யானை தண்ணீர் குடிக்க இறங்குகிற தடம் அந்தப் பாறைக்குப் பக்கத்திலேயே இருப்பது உனக்குத் தெரியும். அரைச் சாக்குப் பொறுக்கினேன். முதுகு விட்டுவிட்டது, மீதியை விட்டுவிட்டு வந்தேன்.

உன் பதினெட்டுப் பேரும் பாட்டில் உடைப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதினெட்டுப் பேரிடமும் போன் இருக்கிறது. அவர்களும் அந்தப் பையனைப் போல மகிழ்ச்சியில்தான் போடுவார்கள்.

தண்ணீர் பயமும் இருக்கிறது. 2023 அக்டோபரில் சோலையாறு பக்கம் ஆற்றில் இறங்கிய ஐந்து கல்லூரி மாணவர்கள் திரும்பவில்லை. மேலே மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே தண்ணீர் ஏறும், அது ஊர்க்காரனுக்குத்தான் தெரியும். யானை விஷயமும் அப்படித்தான். 2025 பிப்ரவரியில் ஜெர்மனியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் வால்பாறைச் சாலையில் டைகர் வேலி என்ற இடத்தருகே பைக்கில் போய் யானையிடம் சிக்கி இறந்தார். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றிருந்தன, அவர் மட்டும் முன்னால் போய்விட்டார். எஸ்டேட் ஆட்கள் யானை இருக்கிறது என்று போனில் செய்தி வந்தால் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. தேயிலைக்குள் யானை எச்சரிக்கைச் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் போவதில்லை. இது தெரியாதவர்களை நீ பொறுப்பெடுத்துக் கூட்டி வர வேண்டாம்.

அவர்களை இப்படிச் செய். பொங்கலுக்கு மறுவாரம் கோட்டூருக்கு, தோட்டத்தில் இருக்கும் நம் சாளை வீட்டுக்கு அழைத்து வா. கிணற்றில் குளிக்கட்டும், தோப்பில் கட்டிலைப் போட்டுப் படுக்கட்டும், வீட்டுக்காரி கொள்ளுப் பருப்பும் பச்சைப்புளி ரசமும் வைப்பாள், கச்சாயம் சுடுவாள். மறுநாள் மாசாணியம்மன், ஆழியாறு. வால்பாறை வேண்டுமென்றால் இ-பாஸ் வாங்கிக்கொண்டு வேனில் வாருங்கள், மலைச் சாலை பழகிய டிரைவர் ஒருவரை நான் ஏற்பாடு செய்கிறேன். தங்கை மகன் வீட்டில் சாப்பிடுங்கள், அவனுக்கும் நாலு காசு. புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்திக்காக மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள், அதைத் தூர நின்று பார்க்கட்டும். வரையாட்டுக்குத் தை மாசியில்தான் குட்டி போடும் காலம், ஒன்பதாவது வளைவில் மட்டும் வண்டியை நிறுத்த விடாதே.

பாறைக்கு நீ மட்டும் வா. தை மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை, பொள்ளாச்சியில் காலை முதல் பஸ். நீ கேட்பாய், அப்படியென்றால் அது நம் இரண்டு பேருக்கு மட்டும் சொந்தமா என்று. இல்லை. போன தடவை நான் கண்ணாடி பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஈரோட்டுக் குடும்பம் ஒன்று வழி தவறி அங்கே வந்தது. வயதான அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து பாறையில் உட்கார வைத்தார்கள். அந்த அம்மா ஒரு மணி நேரம் ஒன்றும் பேசாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது, "நீங்கள் இந்த ஊரா? கொடுத்து வைத்தவர்" என்றார். அவருக்கும் அந்தப் பாறை சொந்தம்தான். அவர் மகனும் மருமகளும் நான் கேட்காமலேயே என்னோடு குனிந்து கொஞ்சம் பொறுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள்.

உன் அம்மாவின் தூக்குப்போசி இன்னும் உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் எடுத்து வா, சோறு நான் கட்டிக்கொண்டு வருகிறேன். சாக்கு என்னிடம் இருக்கிறது. அடி கனமான பழைய செருப்பாகப் போட்டு வா, வெறுங்காலோடு தண்ணீரில் இறங்க முடியாது.

உன்,
கோட்டூர்க்காரன்